ஊசி போட்டாச்சு, கணக்கில் ஏறுமா?

2021 செப்டம்பரில் கோவிஷீல்டு ஊசியைப் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஊசியைப் போட்டதற்கு இந்தியா கொடுத்த சான்றிதழை ஏற்கவில்லை. கோவின் சான்றிதழில் வயதுதான் இருந்தது, முழுப் பிறந்த தேதி இல்லை என்பது பேசப்பட்ட குறைகளில் ஒன்று. பிறகு அதைச் சேர்த்தார்கள். அக்டோபர் 11 முதல்தான் இரண்டு டோஸ் போட்ட இந்தியர்களைத் தனிமைப்படுத்தாமல் உள்ளே விட்டார்கள். மருந்தில் ஒரு குறையும் இல்லை, இடித்தது காகிதம்.

குழந்தையோடு வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கும் நடப்பது இதேதான். சொட்டு மருந்து முகாம் ஒன்றைக்கூட விடாமல் கூட்டிப்போன பெற்றோரிடம், அமெரிக்கப் பள்ளியின் நர்ஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, "போலியோ ஒன்றுகூட இல்லையே" என்பார். அவர் சொல்வது அவர்கள் ஊர் விதிப்படி சரி. அது ஏன், கிளம்புவதற்கு முன் என்ன செய்யலாம், போய் இறங்கியபின் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம். தமிழ்நாட்டிலிருந்து பலர் போகும் அமெரிக்காவை முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். மற்ற நாடுகள் பின்னால் வருகின்றன.

முதல் வேலை: எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவருவது

பிறந்த அன்று போட்ட ஊசிகள் பெரும்பாலும் தடுப்பூசி அட்டையில் இருக்காது. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அதிலும் குழந்தைக்கு அப்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் "பேபி ஆஃப்" என்று போட்டு அம்மாவின் பெயர் இருக்கும். அடுத்த ஊசிகள் அம்மா வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், தாய் சேய் நல அட்டையில். பிறகு சென்னையிலோ பெங்களூரிலோ தனியார் குழந்தை மருத்துவரின் புத்தகத்தில். இப்படி மூன்று இடத்தில் சிதறிக் கிடப்பதை ஒரு தாளாக்க வேண்டும்.

இப்போது பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் எல்லா அட்டைகளையும் கொண்டுபோய், அவருடைய லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் மேலே வரட்டும். கீழே ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு வரி: நோயின் பெயர், ஊசியின் வணிகப் பெயர், தேதி, தெரிந்தால் பேட்ச் எண். கடைசியில் கையெழுத்து, மருத்துவக் கவுன்சில் பதிவு எண், சீல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக விரிந்திருக்கும், அட்டையில் வெறும் இனிஷியலாக இருக்கும். இரண்டும் ஒரே குழந்தைதான் என்று ஒரு வரி எழுதச் சொல்லிவிட்டால் பின்னால் பிறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

தேதியில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். 2021 மே 20-இல் பிறந்த குழந்தைக்கு 2022 ஜூன் 2 அன்று எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) போட்டதாக வைத்துக்கொள்வோம். நம் அட்டையில் 02/06/2022 என்று இருக்கும். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள்; அதை பிப்ரவரி 6 என்று படிப்பார்கள். அன்று குழந்தைக்கு எட்டரை மாதம்தான். ஒரு வயதுக்கு முன் போட்ட எம்.எம்.ஆர். அங்கே செல்லாது. ஒழுங்காகப் போட்ட ஊசி இப்படிக் கணக்கிலிருந்து போய்விடும். அதனால் மருத்துவரிடம், "டாக்டர், மாசத்தை நம்பரா போடாம எழுத்துல போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கூட்டு ஊசி. அட்டையில் "பென்டாவேலன்ட் 1, 2, 3" என்று மட்டும் இருந்தால் வெளிநாட்டுப் பள்ளி எழுத்தருக்கு ஒன்றும் புரியாது. அதற்குள் முத்தடுப்பு (டி.பி.டி.), ஹெபடைட்டிஸ் பி, ஹிப் என ஐந்து நோய்க்கான மருந்து இருக்கிறது என்று பிரித்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஹெபடைட்டிஸ் பி கட்டத்தில் மூன்று டோஸ் காணாமல் போகும். தனியாரில் போடும் ஆறு நோய் ஊசிகளுக்கும் இதே கதைதான். ஹெக்ஸாக்சிம், ஈஸிசிக்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பதைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டு ஊசிகளின் வணிகப் பெயர்ப் பட்டியலை அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. வெளியிட்டிருக்கிறது, மருத்துவர் தேடிப் பார்க்கலாம். பள்ளி அலுவலகத்தில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். லேமினேட்டும் செய்யாதீர்கள், அதன்மேல் இனி சீல் வைக்க முடியாது.

அரசு அட்டையை அமெரிக்கா எப்படி எண்ணும்

அதே 2021 மே 20-இல் பிறந்த இன்னொரு குழந்தை அரசு அட்டவணைப்படி எல்லா ஊசியும் போட்டது, இப்போது ஐந்து வயது முடிந்து கிண்டர்கார்டன் சேரப் போகிறது என்று வையுங்கள். அட்டையில் ஒரு கட்டமும் காலியில்லை. ஒவ்வொன்றாக எண்ணுவோம்.

பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) பற்றி யாரும் கேட்பதில்லை. கையில் தழும்பு இருப்பதும் இல்லாததும் பொருட்டில்லை.

போலியோவில்தான் பெரிய அடி. 2016 ஏப்ரலில் உலகம் முழுக்க மூவகை சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு இருவகை சொட்டு மருந்துக்கு மாறினார்கள். இந்தியா மாறியது ஏப்ரல் 25 அன்று. புதிய மருந்தில் இரண்டாம் வகை வைரஸ் இல்லை. மூன்று வகைக்கும் எதிர்ப்பு வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதனால் 2016 ஏப்ரல் 1-க்குப் பிறகு கொடுத்த எந்தச் சொட்டு மருந்தும் அங்கே கணக்கில் வராது. சரி, ஊசியும் போட்டோமே என்பீர்கள். நம் அரசு முகாமில் கையின் மேல்தோலில் போடுவது 0.1 மில்லி, முழு டோஸ் 0.5 மில்லி. அந்தப் பகுதி டோஸையும் அமெரிக்கா எண்ணுவதில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று இதற்குப் பொருளில்லை. இந்தியாவில் போலியோவை ஒழித்தது சொட்டு மருந்துதான். அவர்களின் எண்ணும் முறை வேறு, அவ்வளவே.

ஆக, ஐந்து வயதுக் குழந்தைக்குப் போலியோ கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நான்கு வயதுக்குமேல் தொடங்கினால் முழு டோஸ் மூன்று போதும்: முதலுக்கும் இரண்டாவதற்கும் நான்கு வாரம், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஆறு மாதம். மொத்தம் ஏழு மாத வேலை. விசா கைக்கு வரும்வரை காத்திருக்காமல், போவது உறுதி என்று தெரிந்ததுமே குழந்தை மருத்துவரிடம் முழு டோஸ் ஐ.பி.வி. (போலியோ ஊசி) கேட்டு முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். தனியாரில் ஆறு நோய் ஊசி போட்ட குழந்தைகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதில் முழு டோஸ் ஐ.பி.வி. இருக்கிறது.

ஹெபடைட்டிஸ் பி: பிறந்த அன்று ஒன்று, பிறகு பென்டாவோடு ஜூலை 1, ஜூலை 29, ஆகஸ்ட் 26. நான்கு டோஸ் ஆயிற்று. ஆனால் கடைசி டோஸ் 24 வாரம் முடிந்தபின் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. இந்தக் குழந்தைக்கு 24 வாரம் முடிவது நவம்பர் 4. ஆகஸ்டில் முடிந்துபோன வரிசையில் "கடைசி டோஸ்" இல்லை என்றாகிறது. இன்னும் ஒன்று போட்டால் தீர்ந்தது.

அம்மை ஊசி: 9 மாதத்தில் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசி ஒரு வயதுக்கு முன் என்பதால் தள்ளுபடி. 16 மாதத்தில் போட்டது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஒரு டோஸாக நிற்கும். பொன்னுக்கு வீங்கிக்கு? தமிழ்நாட்டில் 2017 முதல் போடும் அரசு ஊசியில் அந்த மருந்தே இல்லை. எனவே எம்.எம்.ஆர். இரண்டு டோஸ், குறைந்தது 28 நாள் இடைவெளியில். தனியார் அட்டவணைப்படி 9 மாதம், 15 மாதம், 4 வயதுக்குமேல் என்று மூன்று எம்.எம்.ஆர். போட்டவர்களுக்கு முதல் டோஸ் போனாலும் மற்ற இரண்டும் நிற்கும்.

சின்னம்மை ஊசி அரசு அட்டவணையில் இல்லை. பல மாநிலங்கள் இரண்டு டோஸ் கேட்கின்றன. 13 வயதுக்குக் கீழே இரண்டுக்கும் மூன்று மாத இடைவெளி விடுங்கள். "ஏற்கெனவே அம்மை போட்டுவிட்டது, வேப்பிலை கட்டினோம்" என்பதை வாய்ப்பேச்சாக ஏற்க மாட்டார்கள். மருத்துவரின் எழுத்தோ ரத்தப் பரிசோதனையோ கேட்பார்கள். எது என்பது மாநிலத்தைப் பொறுத்தது.

முத்தடுப்பில் நம் கணக்கு நன்றாகவே நிற்கும். பென்டாவில் மூன்று, ஒன்றரை வயது பூஸ்டர் ஒன்று. ஐந்தாவது டோஸ் நான்கு வயது முடிந்தபின் எப்போது போட்டாலும் செல்லும். நம் பழைய வகை டி.பி.டி.யையும் அப்படியே ஏற்கிறார்கள். ஏழு வயதைத் தாண்டிவிட்டால் குழந்தைகளுக்கான டி.பி.டி. கிடையாது, டி.டாப் என்ற வேறு ஊசிதான்.

ஹிப், நிமோகாக்கல் இரண்டும் ஐந்து வயது கடந்த ஆரோக்கியமான குழந்தைக்குத் தேவையில்லை. டே கேர் போகும் சின்னக் குழந்தை என்றால் ஒரு வயதுக்குப் பிறகு ஒரு டோஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அரசு அட்டவணையில் நிமோகாக்கல் பூஸ்டர் 9 மாதத்தில், ஹிப்புக்கு பூஸ்டரே இல்லை. இரண்டுமே இடிக்கும்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த ஊசி நல்லது என்று பரிந்துரைப்பது அமெரிக்க நடுவண் அரசு. பள்ளியில் சேர எது கட்டாயம் என்று சொல்வது மாநில அரசு. கலிபோர்னியா கேட்காத ஹெபடைட்டிஸ் ஏ-யை டெக்சாஸ் இரண்டு டோஸ் கேட்கிறது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போகப்போகும் மாநிலத்தின் சுகாதாரத் துறை இணையதளத்தில் இந்த ஆண்டுக்கான பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் ஊசிக்குப் போக வேண்டும். வாட்ஸாப் குழுவில் யாரோ போட்ட பழைய பட்டியலை நம்பி அல்ல.

கடைசி மாதத்து அவசரம்

டிக்கெட் போட்டபிறகு ஓடிப்போய் எல்லா ஊசியையும் போட்டுக்கொள்வதில் ஒரு பள்ளம் இருக்கிறது. எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தவை. ஒன்று இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையேல் நடுவில் 28 நாள் விட வேண்டும். "ஒரே நாளில் ரெண்டு ஊசியா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துடும்" என்று பாட்டி சொல்லி இரண்டு வாரம் தள்ளிப் போட்டால் இரண்டாவது ஊசி செல்லாது. குறைந்தபட்ச வயதிலும் ஒரே ஊசியின் இரு டோஸ்களுக்கு நடுவிலும் நான்கு நாள் வரை முந்திப் போட்டிருந்தால் சி.டி.சி. விதி பொறுத்துக்கொள்ளும். இரண்டு வேறு உயிருள்ள ஊசிகளுக்கு நடுவே அந்தச் சலுகை கிடையாது. ஐ.பி.வி., ஹெபடைட்டிஸ் பி, டி.பி.டி. போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. எதோடும் எப்போதும் போடலாம்.

காசநோய்ப் பரிசோதனை வேறு வரும். எம்.எம்.ஆர். போட்ட சில வாரங்களுக்கு அந்தப் பரிசோதனை தவறாக "இல்லை" என்று காட்டக்கூடும். அதே நாளில் ரத்தம் கொடுங்கள், அல்லது நான்கு வாரம் கழித்துக் கொடுங்கள். பி.சி.ஜி. போட்டவர்கள் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பழைய முறையைவிட ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது, பி.சி.ஜி.யால் தோல் தடித்து வீண் சந்தேகம் வரும், ரத்தத்தில் அது வராது.

அட்டை தொலைந்துவிட்டால்

முதலில் போட்ட இடத்தில் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் இருக்கும். கர்ப்ப காலத்தில் கொடுத்த ஆர்.சி.எச். எண்ணைச் சொன்னால் கிராம சுகாதார செவிலியர் தேடித் தருவார். அண்மையில் பிறந்த குழந்தைகளுக்கு யூ-வின் தளத்தில் மின்சான்றிதழ் கிடைக்கலாம்.

எங்கும் கிடைக்கவில்லை என்றால் நேர்மையான வழி இரண்டுதான்: ரத்தப் பரிசோதனை, அல்லது மறுபடி ஊசி. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதை ரத்தத்தில் காட்டலாம். போலியோவுக்கு அந்த வழி இல்லை. எம்.எம்.ஆரோ போலியோவோ ஒரு டோஸ் கூடுதலாகப் போவதால் ஆபத்தில்லை. ரணஜன்னி மருந்து சேர்ந்த ஊசிகளில் மட்டும் கவனம் வேண்டும். அடிக்கடி போட்டால் கை பலமாக வீங்கும். அதற்கு முன் ரத்தம் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியை யாராவது சொல்வார்கள்: புதுப் புத்தகம் வாங்கி, ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் ஐந்து வருடத் தேதிகளையும் நிரப்பிவிடுவது. அதைச் செய்யாதீர்கள். ஒரே மை, எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊசி இந்தியாவுக்கு வருவதற்கு முந்தைய தேதி என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். குடியேற்ற ஆவணத்தில் பொய் என்று ஆனால் ஊசிப் பிரச்சினை விசாப் பிரச்சினையாகிவிடும்.

இறங்கியபின்

பள்ளிக்கு நேரே போகாதீர்கள். முதலில் குழந்தை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். புது நோயாளி என்றால் சில வாரம்கூட ஆகலாம், ஆகஸ்ட் மாதம் கூட்டம் நெரியும். இந்தியாவில் போட்ட டோஸ்களை மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் "பழைய பதிவு" என ஏற்றித் தரக் கேளுங்கள். கலிபோர்னியாவில் அதன் பெயர் கெய்ர், டெக்சாஸில் இம்ட்ராக். டெக்சாஸில் பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு நிலைக்கும். இந்தப் பதிவேட்டின் அச்சுப்படியைத்தான் பள்ளி கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும்.

வரிசை பாதியில் இருந்தால் பல மாநிலங்களில் நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த டோஸ் தேதியைக் குறித்துக் கொடுப்பார்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காப்பீடு இன்னும் வரவில்லையா? 18 வயது வரை காப்பீடு இல்லாத குழந்தைகளுக்கு வி.எஃப்.சி. திட்டத்தில் மருந்து இலவசம். மாவட்டச் சுகாதார மையத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பெரியவர்களுக்கு

எச்-1பி, எச்-4, மாணவர் விசாவுக்கு ஊசிச் சான்று கேட்பதில்லை. மாணவர்களைப் பல்கலைக்கழகம் கேட்கும். நியூயார்க் மாநிலச் சட்டமே தட்டம்மைக்கு இரண்டு, பொன்னுக்கு வீங்கிக்கு ஒன்று, ரூபெல்லாவுக்கு ஒன்று கேட்கிறது. கொடுக்காவிட்டால் வகுப்புப் பதிவை முடக்கிவைக்கும் பல்கலைக்கழகங்கள் பல. இருபது வருடத்துக்கு முந்தைய அட்டையைத் தேடி வீட்டைப் புரட்டுவதைவிட, ஊரிலேயே 28 நாள் இடைவெளியில் இரண்டு எம்.எம்.ஆர். போட்டுச் சான்று வாங்குவது சீக்கிரம் முடியும். கர்ப்பமாக இருக்கும்போது எம்.எம்.ஆரோ சின்னம்மை ஊசியோ போடக்கூடாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

கிரீன் கார்டு கட்டம் தனி. அமெரிக்காவுக்குள்ளிருந்து விண்ணப்பித்தால் ஐ-693 படிவம். அதை அரசு அங்கீகரித்த சிவில் சர்ஜன் மட்டுமே நிரப்பலாம், உங்கள் குடும்ப மருத்துவர் நிரப்பினால் செல்லாது. எல்லா வரிசையும் முடிந்திருக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். வயதுக்குரிய ஒவ்வொரு ஊசியிலும் அப்போது போடக்கூடிய டோஸ் போட்டிருந்தால், அடுத்ததற்கு இன்னும் காலமாகவில்லை என்று குறித்துவிடுவார். கோவிட் ஊசி 2025 ஜனவரி முதல் இதில் கட்டாயமில்லை.

மற்ற நாடுகள், சுருக்கமாக

சிங்கப்பூர்: வெளிநாட்டில் பிறந்த 12 வயது வரையுள்ள குழந்தைக்கு நீண்டகால அனுமதி கேட்கும்போதே தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசிச் சான்றைக் காட்ட வேண்டும், 2019 பிப்ரவரி முதல் இந்த விதி. சான்றைச் சரிபார்த்து வாங்கிய பிறகுதான் பாஸ். அதனால் மேலே சொன்ன தாள் கிளம்புவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

பிரிட்டனில் பள்ளிக்கு ஊசி கட்டாயமில்லை. ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் பதிந்ததும் விடுபட்டதை இலவசமாகப் போட்டுவிடுவார்கள். ஒரு வயதுக்கு முன் போட்ட எம்.எம்.ஆரை அங்கேயும் எண்ணுவதில்லை.

ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் தட்டம்மைச் சட்டம்: ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு டோஸ், இரண்டு வயது முதல் இரண்டு டோஸ் காட்டாவிட்டால் கிண்டர்கார்டனில் இடமில்லை. ஆஸ்திரேலியாவில் தேசியப் பதிவேட்டில் ஏற்றாதவரை குழந்தைகள் காப்பகச் சலுகைப் பணம் வராது. அதை ஏற்றுவது ஊசி போடும் மருத்துவரோ நர்ஸோ, பெற்றோர் தாமே ஏற்ற முடியாது.

கனடாவின் ஒன்டாரியோவில் இதற்கு நேர்மாறு. மருத்துவர் ஊசியைப் போடுவார், ஆனால் பொதுச் சுகாதாரப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டியது பெற்றோர். ஐகான் என்ற இணையதளத்தில் தேதிகளை நீங்களே ஏற்ற வேண்டும். இது தெரியாமல் "டாக்டர் அனுப்பியிருப்பார்" என்று இருந்துவிடுகிற குடும்பங்களுக்குத்தான் பள்ளி இடைநீக்கக் கடிதம் வரும். 20 பள்ளி நாள் வரை நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமுண்டு. மெனிங்கோகாக்கல், 2010-இலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்குச் சின்னம்மை ஆகியவையும் அங்கே கட்டாயம். இரண்டும் நம் அரசு அட்டையில் இருக்காது. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இலங்கையில் எம்.எம்.ஆர். 9 மாதத்திலும் 3 வயதிலும். பொன்னுக்கு வீங்கி மருந்து சேர்ந்திருந்தும் 9 மாத டோஸ் நிற்காது, 3 வயது டோஸ்தான் முதலாவது. இன்னும் ஒன்று போட வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல்

இதற்கு உலகம் முழுக்கச் செல்லுகிற ஒரு சான்று இருக்கிறது: உலகச் சுகாதார நிறுவனத்தின் மஞ்சள் நிறப் புத்தகம். கென்யா, நைஜீரியா, பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போய் இந்தியா திரும்புகிறவர்களிடம் கட்டாயம் கேட்பார்கள். அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டால்தான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அப்படி ஒன்று. தெருமுனை கிளினிக்கில் போட்டு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினால் பயனில்லை.

ஊசி போட்டு 10 நாள் கழிந்தபின்தான் சான்று உயிர்பெறும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். பழைய புத்தகத்தில் "பத்து ஆண்டு" என்று அச்சாகியிருந்தாலும் மறு ஊசி வேண்டாம். சான்று இல்லாமல் வந்து இறங்கினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சிறு கைக்குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. பாஸ்போர்ட் எண், பெயர், பேட்ச் எண், மையத்தின் சீல், மருத்துவரின் கையெழுத்து என ஐந்தையும் மையத்தின் வாசலைத் தாண்டுவதற்கு முன் சரிபாருங்கள். புத்தகத்தைச் செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுன்டரிலேயே கேட்பார்கள்.